ஞாயித்துக்கிழமை கிளாஸ் - 9: வலிச்சாத்தான் வியாதியா?

ரெண்டு வாரமா கிளாஸ் நடக்கலை. "என்ன டீச்சரக்கா, பாஸாகிட்டு எங்களை மறந்துட்டீங்களா?"ன்னு தனிமடல்ல கேட்டவங்களுக்கு: பாஸும் ஆகலை, மறக்கவும் இல்லை. நடுவுல வேற ஒரு பரீட்சை வந்துடுச்சு. அதையும் சேர்த்துத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், காப்பி எடுத்துட்டு வந்துடுங்க.

புதுசா வர்றவங்களுக்கு முன்கதைச் சுருக்கம்: ஊர்ல எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு, இங்கே பஃபலோங்கற பனிக்கிடங்குல பொது சுகாதாரத்துல மாஸ்டர்ஸ் படிச்சுட்டு இருக்கேன். கூடவே யூ.எஸ்.எம்.எல்.ஈ.க்கும் ஆணி புடுங்கறேன். முதல் படி தாண்டியாச்சு. அதுக்கு 2022 ஜனவரியில இருந்து மார்க்கே கிடையாது. பாஸ், இல்லைன்னா ஃபெயில், அவ்வளவுதான். அதனால ரெசிடென்சிக்கு ஆள் எடுக்கிறவங்க கண்ணெல்லாம் இப்போ ஸ்டெப் 2 சி.கே. மார்க் மேல. வாரம் ஒரு பாடம் படிச்சு, ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தமிழ்ல சொல்றதா ஒரு ஒப்பந்தம். பொட்டி தட்டுற உங்களுக்கே புரிஞ்சுட்டா எனக்கும் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம் :-)

இந்த வாரம் யூராலஜி. சிறுநீர்ப் பாதை, அப்புறம் ஆம்பளைங்களோட "அந்த" சமாச்சாரம். யாரும் வெட்கப்படக் கூடாது. வெட்கப்படறவங்க பதிவோட கடைசிக்குப் போய்ப் படிங்க. உங்களுக்காகத்தான் அந்தப் பகுதி.

பரீட்சையைப் பொறுத்தவரை இது சின்னப் பாடம். ஆனா சில கேள்விகள் வேஷத்தை மாத்திட்டு மாத்திட்டு வரும். நான் நோட்டுல எழுதி வச்சிருக்கிற அஞ்சும் இதுதான்.

1. கடிகாரத்தைப் பார்

14 வயசுப் பையன். ராத்திரி திடீர்னு அடிவயித்துல வலி, வாந்தி. வயித்தை மட்டும் அமுக்கிப் பார்த்துட்டு அனுப்பினா போச்சு. விதை தன்னோட தண்டுலயே முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம். டார்ஷன்னு பேர். பையன் வெட்கத்துல வயித்து வலின்னுதான் சொல்லுவான். உள்தொடையை லேசா வருடினா அந்தப் பக்க விதை மேலே ஏறணும். முறுக்கிக்கிட்டா பெரும்பாலும் ஏறாது. ஆறு மணி நேரத்துக்குள்ள பிரிச்சு விட்டா பத்துல ஒன்பது விதை தப்பிக்கும். ஒரு நாள் தாண்டினா கஷ்டம்தான். அறிகுறி தெளிவா இருந்தா ஸ்கேனுக்காகக் காத்திருக்காதே, நேரா ஆபரேஷன். நல்லா இருக்கிற இன்னொரு பக்கத்தையும் சேர்த்துத் தைச்சு நிறுத்தணும். ஏன்னா பிறவியிலேயே தொங்கற மாதிரி அமைஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

வீட்ல பையன் இருக்கிற அண்ணன்மாரே, தங்கமணிகளே, இது ஒண்ணையாவது மனசுல வைங்க.

2. கல்லும் காய்ச்சலும்

கல்லடைப்புக்கு வாழைத்தண்டு ஜூஸ் குடிச்ச பரம்பரை நாம. அமெரிக்கப் பரீட்சையில வாழைத்தண்டு ஆப்ஷன் கிடையாது :-( மருந்து ஏத்தாத சி.டி. ஸ்கேன்தான் முதல் பதில். கர்ப்பிணின்னா அல்ட்ராசவுண்ட். 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தா பெரும்பாலும் தானே போயிடும். வலி மருந்து கொடு, தண்ணி குடிக்கச் சொல்லு. 10க்கு மேல இருந்தா தானா வர்றது அபூர்வம். கால்சியம் கல்லுன்னா பாலை நிறுத்தணும்னு ஊர்ல சொல்லுவாங்க இல்ல, அது தப்பு. சாப்பாட்டுல கால்சியம் குறைஞ்சா குடல்ல ஆக்ஸலேட்டைப் பிடிச்சு வைக்க ஆள் இல்லாம அது அதிகமா உள்ள போகும், கல்லும் கூடும். குறைக்க வேண்டியது உப்பை.

பொறி எங்கேன்னா: கல் அடைச்சிருக்கு, கூடவே காய்ச்சல். அப்போ கல்லை எடுக்கிற வேலையே வேண்டாம். முதல்ல ஒரு குழாய் வச்சு தேங்கின நீரை வெளியேத்து, ஆன்டிபயாடிக் கொடு. கல்லை அப்புறம் பார்த்துக்கலாம்.

3. குழாய் போடறதுக்கு முன்னாடி யோசி

பைக் விபத்து, இடுப்பு எலும்பு முறிவு, சிறுநீர்த் துவாரத்துல ஒரு சொட்டு ரத்தம். கை பரபரக்கும் குழாய் போட. போடாதே. பாதை கிழிஞ்சிருந்தா குழாய் அதை இன்னும் கிழிச்சுடும். முதல்ல மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்துப் பாதை முழுசா இருக்கான்னு பாரு.

கொசுறு: 1929ல வெர்னர் ஃபோர்ஸ்மன்னு ஒரு ஜெர்மன் இளம் டாக்டர், சிறுநீரகப் பாதைக்குன்னு செஞ்ச குழாயைத் தன் கை நரம்பு வழியா இதயம் வரைக்கும் தள்ளி, நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டார். அந்த வேலைக்கு 1956ல நோபல் பரிசு வந்தப்போ அவர் யூராலஜிஸ்ட்டா வேலை பார்த்துட்டு இருந்தார்.

4. அறுபதுக்கு மேல

ராத்திரி நாலு தடவை எழுந்து போறாரு, நின்னு நின்னு வருது. புராஸ்டேட் வீக்கம். டாம்சுலோசின் சில நாள்லயே வேலை செய்யும், ஆனா எழுந்திருக்கும்போது தலை சுத்தலாம். ஃபினாஸ்டிரைடுக்கு ஆறு மாசம் பொறுமை வேணும். அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக் குறைச்சுடும். அதனால ரிப்போர்ட்ல வர்ற எண்ணை ரெண்டால பெருக்கித்தான் படிக்கணும். பெருக்காம விட்டா புற்றுநோய் கண்ணுல மண்ணைத் தூவிடும். சளிக்குக் கடையில வாங்கிப் போடற மாத்திரை இவங்களுக்குச் சிறுநீரையே அடைச்சுடலாம், அதுவும் ஒரு பிரபலமான கேள்வி.

5. வலி இல்லாத ரத்தம்

சிறுநீர்ல கண்ணுக்குத் தெரியற ரத்தம். வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. வயசு கூட. சிகரெட் பழக்கம் உண்டு, இல்லைன்னா முன்னாடி இருந்தது. வேற காரணம் நிரூபணமாகற வரைக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்னு நினைச்சுத்தான் தேடணும். புகையில இருக்கிற நச்சு ரத்தத்துல கலந்து, சிறுநீரகத்துல வடிகட்டி, மணிக்கணக்கா பையில தேங்கி நிக்குது, அதான் காரணம். 1895லயே ஃப்ராங்க்ஃபர்ட்ல லுட்விக் ரேன்னு ஒரு சர்ஜன், சாயத் தொழிற்சாலைக்காரங்களுக்கு இந்தக் கட்டி வர்றதைக் கவனிச்சு எழுதியிருக்கார்.

சரியான பதில்: சிஸ்டோஸ்கோப்பி, அதாவது கேமரா குழாய் விட்டு உள்ளே நேரா பார்க்கிறது. கூடவே மேல் பாதைக்கு சி.டி. தப்பான பதில்கள்: "ஒண்ணுமில்லைன்னு தைரியம் சொல்லி அனுப்பு", "ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பு", "ரத்தம் நின்னுடுச்சு, அதனால விட்டுடு". கடைசிதான் பெரிய பொறி. இந்த ரத்தம் ஒரு நாள் வரும், ரெண்டு மாசம் காணாமப் போகும், திரும்ப வரும். நின்னு போறது குணமில்லை, அதோட பழக்கமே அப்படித்தான்.

இந்த அஞ்சாவதை நான் நோட்டுல எழுதினது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி பத்து மணி, ஊர்ல ஞாயிறு காலை எட்டரை. அம்மாவோட வழக்கமான போன். என்ன குழம்பு, பனி கொட்டுதா, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பு எல்லாம் முடிஞ்சு, வைக்கப் போற நேரத்துல சொன்னாங்க:

"அப்பாவுக்கு ஒடம்பு சூடு பாப்பா. ரெண்டு நாளா செவப்பாப் போச்சாம். வெந்தயம் ஊற வச்சுக் குடுத்தேன். இப்பச் சரியாப் போச்சு."

"வலிச்சுச்சாம்மா?"

"அதெல்லாம் இல்லையாம். வலிச்சாத்தான ஆஸ்பத்திரிக்குப் போவாரு."

கையில இருந்த பேனாவைக் கீழே வச்சேன். அப்பாகிட்ட குடுங்கன்னேன். அவர் வரலை. குளிக்கப் போயிட்டாராம். அரை மணி கழிச்சுக் கூப்பிட்டேன், கடைக்குப் போயிட்டாராம். எனக்குப் புரிஞ்சுது. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ முன்னப்பின்ன தெரியாத எத்தனையோ தாத்தாக்கள்கிட்ட "ஐயா, ஒன்னுக்கு எப்படிப் போகுது, ஆரம்பத்துல சிவப்பா, முழுக்கவா?"ன்னு கூசாமக் கேட்டிருக்கேன். பெத்த அப்பாகிட்ட கேக்கறதுக்கு எனக்கும் நாக்கு எழலை, பொண்ணுகிட்ட சொல்ல அவருக்கும் எழலை. அம்மாவைக் கேக்கச் சொன்னா "அதையெல்லாம் எப்படிடி கேக்கறது"ன்னுட்டாங்க. 34 வருஷம் ஒண்ணாக் குடும்பம் நடத்தறவங்க.

கடைசியில வாட்ஸப்ல ஆறு கேள்வியை நம்பர் போட்டுத் தட்டிவிட்டேன். எங்கப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பில் போடற மாதிரி பதில் வந்துச்சு:

1. வலி இல்லை.
2. எரிச்சல் இல்லை.
3. மூன்று முறை. முதல் முறை தீபாவளி சமயம்.
4. ஆரம்பம் முதல் கடைசி வரை.
5. 28 வருடம். உனக்கே தெரியும்.
6. உனக்குப் பரீட்சை.

அஞ்சாவது கேள்வி, எத்தனை வருஷம் புகைச்சீங்கன்னு. நான் பிளஸ் டூ படிக்கும்போதுதான் நிறுத்தினார். ஆறாவது கேள்வி, ஏன்ப்பா என்கிட்ட சொல்லலைன்னு.

அன்னிக்கு ராத்திரி தூங்கலை மக்கா. தீபாவளியில இருந்து வாரா வாரம் போன்ல பேசியிருக்கேன். வாரா வாரம் உங்களுக்கு இங்கே கிளாஸ் எடுத்திருக்கேன்.

மறுநாள் அண்ணன் பக்கத்துல இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். அல்ட்ராசவுண்ட் நார்மல். கிருமியா இருக்கும்னு அஞ்சு நாளைக்கு மாத்திரை. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி, பாயசம் வைக்காததுதான் பாக்கி. எனக்கு மட்டும் அந்த மூணு தப்பான ஆப்ஷனும் வரிசையா நடக்கிறதைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. சின்னக் கட்டியா இருந்தா அல்ட்ராசவுண்ட்ல தப்பிச்சுடலாம், நார்மல்னு வந்தாலும் உள்ளே பார்த்தே ஆகணும்னு சொன்னேன். அப்பா "அந்த டெஸ்ட்டெல்லாம் வேணாம்"னு ஒரே பிடிவாதம். அம்மா "படிச்ச புள்ளைங்க எதுக்கெடுத்தாலும் பெரிய வியாதியாத்தான் சொல்லும்"னாங்க. நாலு நாள் சண்டை. அப்பாகிட்ட கடைசியா ஒண்ணுதான் சொன்னேன்: "இது பண்ணலைன்னா என்னால பரீட்சை எழுத முடியாதுப்பா." மிரட்டல்தான், ஒத்துக்கறேன். ஆனா பொய்யில்லை.

மதுரையில ஒரு யூராலஜிஸ்ட் பார்த்தார். உள்ளே சுண்டைக்காய் அளவுல ஒரு வளர்ச்சி. அடுத்த வாரமே குழாய் வழியாவே சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஆறு நாள். இந்த நோய்ல எல்லாத்தையும் தீர்மானிக்கிறது ஒரே கேள்வி: பையோட தசைக்குள்ள இறங்கிடுச்சா இல்லையா? இறங்கியிருந்தா பெரும்பாலும் மருந்து ஏத்தி பையையே எடுக்கிறதுதான். இறங்காம, ஆனா ஆபத்தான ரகமா இருந்தா பி.சி.ஜி. ஆமா, நம்ம கையில தழும்பா இருக்கே, அதே தடுப்பூசிக் கிருமிதான். 1976ல கனடாவுல மொராலஸ்னு ஒரு டாக்டர் அதைச் சிறுநீர்ப்பைக்குள்ள ஊத்தி வைத்தியம் பண்ணினதைப் பிரசுரிச்சார், இன்னிக்கு வரைக்கும் நடக்குது. அந்த ஆறு நாளும் இதையெல்லாம் திருப்பித் திருப்பிப் படிச்சேன். பரீட்சைக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்துச்சு. புற்றுநோய்தான். ஆனா மெதுவா வளர்ற ரகம், உள்தோலோட நின்னிருக்கு, தசையைத் தொடலை. பி.சி.ஜி. இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. திரும்பி வர்ற குணம் உள்ள நோய், அதனால மூணு மாசத்துல திரும்ப கேமரா, அப்புறமும் வருஷக்கணக்கா பார்த்துட்டே இருக்கணும்.

இதுல நான் ஒண்ணும் பெருசா கண்டுபிடிக்கலை. அந்த வியாழக்கிழமை வேற பாடம் படிச்சிருந்தாலும் இது எனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாம இருந்தது, நான் கேக்காம இருந்ததுதான். எங்க வீட்ல எல்லாரும் எல்லாம் பேசுவோம், இதை மட்டும் பேச மாட்டோம். உங்க வீட்லயும் அப்படித்தான்னு நினைக்கிறேன்.

அதனால இந்த வார ஹோம்வொர்க்: இன்னிக்கு ஊருக்குப் போன் பண்ணும்போது அப்பாகிட்ட, மாமனார்கிட்ட, பெரியப்பாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. ஒரு தடவையாவது சிவப்பாப் போயிருக்கான்னு. அம்மாகிட்டயும்தான். பொம்பளைங்களுக்கு வந்தா நீர்க்கடுப்புன்னே சொல்லித் தள்ளிடுவாங்க. வாயால கேக்க வரலைன்னா நம்பர் போட்டு எழுதி அனுப்புங்க. பதில் வரும்.

ஊருக்கு வரட்டுமான்னு கேட்டேன். "டிக்கெட் காசுக்கு ரெண்டு கேமரா டெஸ்ட் எடுக்கலாம், ஒழுங்கா பரீட்சையை எழுது"ன்னாரு கண்டக்டர். காலண்டர்ல பார்த்தா அவரோட அடுத்த டெஸ்ட்டும் என்னோட பரீட்சையும் ஒரே வாரத்துல வருது. ரெண்டு பேரும் பாஸாகணும்னு வேண்டிக்கோங்க.

அடுத்த ஞாயிறு: கண். க்ளக்கோமா, அதுவும் வலிக்காம வர்ற ஆசாமிதான்.

டிஸ்கி: இது பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணோட நோட்டு, வைத்தியம் இல்லை. பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பாப் போகும், அதனால பதறாம டாக்டர்கிட்ட போய்ப் பரிசோதிச்சுக்கோங்க. ஆனா போங்க.