முதன்முறை விமானம் ஏறும் பெற்றோரும் பிள்ளைகளின் கடமையும்

எமது சமூகத்தில் இடைவிடாது நிகழ்ந்துவரும் ஒரு பயணம் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை. அகதிகளாக வந்து இம்மண்ணில் வேரூன்றிய பிள்ளைகள், ஊரிலிருக்கும் தாய் தந்தையரைத் தம்மிடம் அழைப்பிக்கும் பயணமே அது. 2011 டிசெம்பரில் கனேடிய அரசு அறிமுகப்படுத்திய சுப்பர் விசா இதற்கு ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. 2022 ஜூலை முதல், இவ்விசாவில் வருவோர் ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரை தங்கவும் வழி பிறந்தது. இருபது, முப்பது ஆண்டுகளாகத் தாயின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டு வந்த பிள்ளைக்கு இது எத்தகைய பேறு என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் எழுபதாவது வயதில் வாழ்வில் முதன்முறையாக விமானம் ஏறப்போகும் அந்தத் தாயின் நிலை என்ன? பிள்ளை நாட்களை எண்ணுகிறது; தாய் கவலைகளை எண்ணுகிறாள். நித்திரை கெடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. எனினும் "எனக்குப் பயமாய் இருக்கிறது" என்று அவள் வாய் திறந்து சொல்வதில்லை. "கோயில் கொடியேற்றம் முடியட்டும்", "வீட்டையும் மாட்டையும் ஆர் பார்க்கிறது?", "இப்ப என்ன அவசரம் தம்பி?" என்று பயம் வேறு வேறு வேடம் பூண்டு வருகிறது. மறுமுனையில் பிள்ளை, "ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா, எல்லாம் சரியாய் நடக்கும்" என்கிறது. அன்பினால் சொல்லப்படும் இவ்வார்த்தை அச்சத்தைத் தீர்ப்பதில்லை. அதைப் பற்றிய பேச்சை மட்டுமே முடித்துவைக்கிறது.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவோரும் உளர். அவர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். எமது மூத்த தலைமுறை விமானத்தை முதலில் அறிந்தது பயண வாகனமாக அன்று. இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை அது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற பின்னரும் அந்த ஓசை அவர்களின் செவியை விட்டு அகலவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம், தன்னுள் இருந்த 55 பேருடன் மன்னார்க் கடலில் மறைந்ததையும் வடபுலத்து மக்கள் மறக்கவில்லை. சீருடை அணிந்தவர் முன் அடையாள அட்டையோடு நின்ற அனுபவமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே இந்த அச்சம் அறியாமையின் விளைவன்று, அனுபவத்தின் விளைவு. அதனைக் கேலியால் போக்க முடியாது. பொறுமையாகக் கேட்டு, விளக்கம் சொல்லியே போக்க முடியும். பயணச்சீட்டை அனுப்பும் பிள்ளையின் கடமை அச்சீட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதே எமது கருத்து.

முதலாவதாகப் பேசப்பட வேண்டியது நோய். பல பெற்றோர் தம் வருத்தங்களை மறைக்கின்றனர். பிள்ளை கவலைப்படும், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், விசா தடைப்பட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். உண்மையில் மறைப்பதே ஆபத்தானது. சுப்பர் விசாவுக்கு 100,000 கனேடிய டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். விண்ணப்பத்தில் கேட்கப்பட்ட நீரிழிவையோ இருதய நோயையோ சொல்லாது விட்டால், பின்னர் வைத்தியசாலைச் செலவு வரும்போது காப்புறுதி நிறுவனம் கொடுப்பனவை மறுக்கக்கூடும். முன்பே உள்ள நோய் குறிப்பிட்ட காலம் மாற்றமின்றிக் கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டுமே பொறுப்பேற்கும் காப்புறுதிகளும் பல உண்டு. தரகர் நிரப்பித் தரும் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவது தகாது. ஒவ்வொரு கேள்வியையும் தாய் தந்தையருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர்கள் கூறும் விடையையே எழுதுதல் வேண்டும்.

பயணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னரே அவர்களை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் அனுப்புதல் அவசியம். விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைப்போல இருப்பதில்லை. அது 6,000 முதல் 8,000 அடி வரையான உயரத்தில் உள்ள அழுத்தத்திற்குச் சமமாக வைக்கப்படுகிறது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியாவிலோ, அதனிலும் சற்று உயரமான ஹோட்டன் சமவெளியிலோ பல மணி நேரம் அமர்ந்திருப்பதற்கு ஒப்பானது இப்பயணம் என்று சொன்னால் எமது முதியோர் எளிதில் விளங்கிக்கொள்வர். நல்ல சுகத்தோடு இருப்பவருக்கு இதனால் தீங்கில்லை. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை செய்தவர்கள், கடுமையான இரத்தசோகையோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் வைத்தியரின் சம்மதமின்றிப் புறப்படலாகாது. விழித்திரைச் சத்திரசிகிச்சையின்போது கண்ணுள் வாயு செலுத்தப்பட்டவர்கள், அது முற்றாகக் கரையும் வரை பறத்தல் கூடாது. சமதரையில் ஐம்பது மீற்றர் தூரம் மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறதா என்பது வைத்தியர்கள் கேட்கும் எளிய கேள்வி. அதனைப் பிள்ளைகளும் தொலைபேசியில் கேட்கலாம்.

அடுத்தது கால்களில் இரத்தம் உறைதல். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்வதனால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. எனினும் நல்ல சுகமுள்ளோரில் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே நேர்கிறது. இந்த ஆபத்து விமானத்துக்கு மட்டும் உரியதன்று. பேருந்துக்கும் மகிழூந்துக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா வரை இரவிரவாக வானில் குந்தியிருந்து, அங்கிருந்து வளைகுடா நாடொன்றுக்கு ஐந்து மணி நேரம் வரையும், பின்னர் ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணி நேரம் வரையும் பறக்கும் முதியவருக்கு, அமர்ந்திருத்தல் ஊர்ப் படலையிலேயே தொடங்கிவிடுகிறது. இயலுமானவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கொழும்பு வந்து இளைப்பாறுதல் நன்று. விமானத்தில் குதிக்காலை ஊன்றிப் பெருவிரலை உயர்த்துவதும், விரலை ஊன்றிக் குதிக்காலை உயர்த்துவதுமாகிய பயிற்சியை அடிக்கடி செய்தல் வேண்டும். இடையிடையே எழுந்து நடத்தலும் வேண்டும். முன்னர் இரத்தம் உறைந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள் போன்றோர் இறுக்கமான காலுறை வேண்டுமா என்பதை வைத்தியரிடமே கேட்டறிதல் முறை. வந்து சில வாரங்கள் கழிந்த பின்னரும் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அதனைப் பயணக் களைப்பு என்று விட்டுவிடாது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

வெட்கத்தினால் பேசப்படாத மற்றொரு சங்கதி உண்டு. எமது தாய்மார் பலர் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. மலகூடத்துக்குப் போகவேண்டி வரும் என்ற கூச்சமே காரணம். விமானத்துக் காற்று மிக வரண்டது. தண்ணீர் குடியாதிருந்தால் தலைசுற்றும், மயக்கம் வரும். அங்குள்ள சிறு கதவு நடுவில் மடிந்து திறப்பது. தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டினால்தான் சில விமானங்களில் விளக்கு முழுமையாக எரியும். பொத்தானை அழுத்தியதும் வெடிப்பதுபோல் பெருஞ்சத்தம் எழும். அது கழிவை உறிஞ்சும் சத்தமே. இவ்வளவையும் மகளோ மருமகளோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் நீங்கிவிடும். அயலாரைத் தாண்டிச் செல்லத் தேவையில்லாதவாறு, நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டுப் பெறுவதும் பேருதவி.

உணவும் அவ்வாறே. மச்சம் கலந்திருக்குமோ என்று ஐயுற்று ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்து வருவோர் உளர். நீரிழிவுக் குளிசையை விழுங்கிவிட்டு உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மரக்கறி உணவு வேண்டுமென்று பயணச்சீட்டுப் பதியும்போதே அறிவித்து, புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் மீண்டும் உறுதிசெய்தல் வேண்டும். பிஸ்கட்டும் சிறிது இனிப்பும் கைப்பையில் இருத்தல் நன்று.

மருந்துகள் யாவும் கைப்பையிலேயே வரவேண்டும். பெரிய பெட்டி தவறினால் மருந்தும் தவறிவிடும். இன்சுலின் பெட்டியறையின் குளிரில் உறைந்து பயனற்றுப் போகலாம். குளிசைகளைக் கடதாசிச் சரையில் கட்டாது, பெயர் பொறித்த உறையிலேயே கொண்டுவருதல் வேண்டும். ஊசி கொண்டுவருவோர் வைத்தியரின் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டும். இலங்கை நேரத்துக்கும் ரொறன்ரோ நேரத்துக்கும் கோடையில் ஒன்பதரை மணியும் மாரியில் பத்தரை மணியும் வித்தியாசம். மேற்கு நோக்கிப் பறக்கும்போது பகல் நீளுவதால், இன்சுலினை எந்நேரம் எவ்வளவு ஏற்றுவது என்பதை வைத்தியரிடம் எழுதி வாங்குவதே முறை.

இனிப் பதற்றத்தைப் பற்றிக் கூறுவோம். நெஞ்சு அடித்து, கை வியர்த்து, மூச்சு முட்டும் நிலை வந்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே தணியும். மூக்கினால் மெல்ல இழுத்து, இழுத்ததிலும் நீண்ட நேரம் எடுத்து வெளிவிடுதல் நல்ல மருந்து. செபமாலையோ தேவாரமோ பழகியவர்க்கு அதுவே கைகொடுக்கும். ஆனால் நெஞ்சு நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால் பயம் என்று எண்ணிப் பொறுத்திராது பணிப்பெண்ணை அழைத்தல் வேண்டும். அயல்வீட்டார் தந்த நித்திரைக் குளிசையை விழுங்கிவிட்டு ஏறுவதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அது காலசைவின்றி உறங்கச் செய்து இரத்தம் உறைய இடமளிக்கும். முதியோரைத் தடுமாறி விழவும் செய்யும். இங்கிலாந்தில் விமானப் பயத்துக்கென அத்தகைய குளிசை எழுதிக்கொடுப்பதைப் பல வைத்தியர்கள் நிறுத்திவிட்டமைக்கு இவையும் காரணங்களாகும். விமானம் குலுங்குவது, பள்ளம் நிறைந்த வீதியில் பேருந்து குலுங்குவது போன்றதே. இடுப்புப் பட்டி பூட்டியிருப்பவருக்கு அதனால் தீங்கு நேர்வது மிக அரிது.

ஆகாயத்தில் வருத்தம் வந்தால் யார் பார்ப்பார் என்ற கேள்வி எல்லோர் மனதிலும் உண்டு. அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 2013இல் வெளிவந்த ஆய்வு, 604 பறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே மருத்துவ அவசரநிலை ஏற்பட்டதாகக் கண்டது. அவற்றுள் மிகுதியானவை மயக்கமும் தலைசுற்றுமே. ஏறக்குறைய பாதி வேளைகளில் பயணிகளுள் இருந்த வைத்தியர் ஒருவர் உதவினார். பணியாளர்கள் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள்; பிராணவாயுவும் விமானத்தில் உண்டு. ஆனால் வாய் திறந்து சொன்னால்தான் உதவி வரும். மொழி தெரியாத தாயின் கையில், அவர் பெயர், நோய்கள், மருந்துகள், ஒவ்வாத மருந்து, பிள்ளையின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய தாளொன்று இருத்தல் இன்றியமையாதது. இதற்குச் செலவாவது அரை மணி நேரமே.

இடைத்தங்கல் நிலையத்தில் வழி தவறுவது பற்றிய பயத்துக்கும் மருந்துண்டு. குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி கேட்டால், பணியாளர் ஒருவர் அடுத்த விமானத்தின் வாயில் வரை அழைத்துச் செல்வார். இதற்குக் கட்டணமில்லை. "நான் என்ன நடக்க மாட்டாதவளோ?" என்று தன்மானம் தடுக்கும். நெடுந்தூரம் நடக்க இயலாத முதியோர்க்கு இது பிச்சையன்று, உரிமை என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர் பிள்ளையே.

இவ்வளவும் செய்த பின்னரும் வைத்தியர் வேண்டாம் என்றால் அதனை ஏற்றல் வேண்டும். தாயோ தந்தையோ தெளிந்த மனத்துடன் "நான் வரவில்லை" என்றால் அதனையும் ஏற்றல் வேண்டும். பேரப்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கும் திருமணத்துக்கும் நாள் குறித்துவிட்டோம் என்ற நெருக்குதலால் ஒரு முதிய உடலை விமானத்தில் ஏற்றுவது அன்பாகாது. ஊர் திரும்ப முடியாத நிலையில் இன்னும் இருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு கொடிய தீர்ப்பு என்பதை நாம் அறிவோம். அந்தத் துயரை வைத்தியரிடம் மறைத்தோ தாயை வற்புறுத்தியோ தீர்த்துக்கொள்ள முடியாது.

பயணச்சீட்டுப் பதிந்துவிட்ட குடும்பங்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. இந்த வாரம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, பெட்டியில் என்ன வைத்தீர்கள் என்று கேட்பதற்கு முன், "அம்மா, உங்களுக்கு எதிலே பயம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாது கேட்டிருங்கள்.