உண்டியலில் விழுந்த 50 காசு, 50 காசு மட்டும்தானா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ கோப்பியோ கலக்கி வச்சுக்கிட்டு படிங்க.

ரெண்டு மூணு மாசமா நம்ம ஆயர் குரோ, டுரியான் துங்கால், புக்கிட் பெருவாங் பக்கத்து வாட்சாப் குழுக்கள்ல ஒரே காசு பேச்சு. "இந்த வருஷத்து 20 காசு குறைவாத்தான் அடிச்சாங்க, ஆயிரம் வெள்ளிக்கு எடுப்பாங்க" அப்படின்னு படத்தோட சுத்துது. போன உண்டியல் எண்ணிக்கையின்போது நம்ம தம்பிங்க ரெண்டு பேர் சில்லறையை எண்ணுறதை விட்டுட்டு வருஷத்தைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அதனால்தான் எழுதுறேன்.

முதல்ல நேரடி பதில். குறைவா அடிச்ச காசுக்கு முகமதிப்புக்கு மேல விலை உண்டா? சிலதுக்கு உண்டு. புதுசா வந்த காசுல பெரும்பாலானதுக்கு இல்லை.

எத்தனை அடிச்சாங்க என்பது பாதி கதைதான். எத்தனை மிச்சம் இருக்கு, அதை எத்தனை பேர் தேடுறாங்க, எந்த நிலையில இருக்கு, இதெல்லாம் சேர்ந்தாத்தான் விலை. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட 1967 வரிசையை எடுத்துக்குங்க. அதுல 1969-ஆம் வருஷத்து 20 காசு, 1971-ஆம் வருஷத்து 10 காசு ரெண்டையும் சேகரிப்பாளர்கள் இன்னிக்கும் தேடுறாங்க. அந்தக் காலத்துல தோட்டத்துல யாரும் காசை பிளாஸ்டிக் உறையில போட்டு வைக்கல. அரிசிக்கும் மீனுக்கும் கைமாறித் தேய்ஞ்சு போச்சு. மிஞ்சினது கொஞ்சம், அதுல நல்லா இருக்கிறது அதைவிடக் கொஞ்சம். இப்போ வர்றது அப்படியா? குறைவுன்னு ஒரு வதந்தி வந்தாலே ஆளாளுக்கு மைலோ டின்ல போட்டு மூடிடுறாங்க. பத்து வருஷம் கழிச்சு எல்லார் வீட்லயும் புதுசு மாதிரியே இருக்கும். அப்போ யார் யாருக்கு விற்கிறது?

இங்கிலாந்துல மட்டும் எப்படின்னு கேட்பீங்க. கியூ தாவரத் தோட்டத்தின் படம் போட்ட 50 பென்ஸ் 2009-ல 2,10,000 மட்டுமே அடிச்சாங்க. வந்தப்போ பெரிசா யாரும் கவனிக்கல, கடைகள்ல புழங்கிச்சு. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சு விலை ஏறிச்சு. 2023-ல வந்த சால்மன் மீன் 50 பென்ஸ் அதைவிடக் குறைவு, 2,00,000. அங்கே 50 பென்ஸ் சேகரிக்கிறது பொழுதுபோக்காவே ஆகிப்போச்சு, வாங்க ஆள் இருக்கு. நம்ம நாட்ல அந்தக் கூட்டம் சின்னது.

பேங்க் நெகாரா வெளியிடுற நினைவு நாணயங்கள் தனி ரகம். முகமதிப்பு ஒரு வெள்ளிதான் இருக்கும், ஆனா விற்கும்போதே அதைவிடப் பல மடங்கு விலை. கேட்கிறவங்க அதிகமானா குலுக்கல்ல கொடுப்பாங்க. வாங்கின விலைக்கு மேல போகுமான்னுதான் பார்க்கணும், ஒரு வெள்ளிக்கு மேல போச்சுன்னு சந்தோஷப்படுறதுல அர்த்தமில்ல. "நோர்டிக் கோல்ட்"னு எழுதியிருக்கும். அதுல பொட்டுத் தங்கம் கிடையாது. செம்பு 89 விழுக்காடு, மிச்சம் அலுமினியம், துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயம். பேரப் பிள்ளைக்குத் தங்கக் காசுன்னு கொடுத்துடாதீங்க.

தஞ்சை பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு ஆனப்போ, 2010-ல, இந்திய அரசு 1000 ரூபாய் நாணயம் போட்டது. 35 கிராம், அதுல 80 விழுக்காடு வெள்ளி (நிஜ வெள்ளி, நம்ம ரிங்கிட் வெள்ளி இல்ல). அதுல இருக்கிற உலோகமே இன்னிக்கு 1000 ரூபாயைத் தாண்டும். அந்த மாதிரி இருந்தா மதிப்பு உண்டுன்னு தைரியமாச் சொல்லலாம். ஆனா அதே இந்தியாவுல, 2012-ல வந்த வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் காசுக்கு லட்சக்கணக்குல தருவாங்கன்னு கிளப்பிவிட்டாங்க. பழைய காசு வாங்குறோம்னு சொல்லி முன்பணம் கறக்கிற கூட்டத்தைப் பத்தி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டுல எச்சரிக்கை விட்டது. இங்கேயும் அதே வித்தைதான். போன மாசம் ஒரு தோட்டத்துப் பாட்டி, வெற்றிலைப் பெட்டி படம் போட்ட பழைய 20 காசு ஒரு டப்பா நிறைய கொண்டு வந்தாங்க. விற்கப் "பதிவுக் கட்டணம்" 150 வெள்ளி கட்டணுமாம், கோயில்ல யாராவது அனுப்பிக் கொடுங்கன்னாங்க. அனுப்பல. வாங்குறவன்தானே பாட்டி காசு தரணும், நீங்க ஏன் தரணும்னு கேட்டேன். யோசிச்சுட்டு டப்பாவைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

இப்போ நம்ம உண்டியலுக்கு வரேன். ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நான் என் பையிலிருந்து 50 காசு போட்டுட்டு இந்த 50 காசை எடுத்துக்கிறேன். கணக்கு சரியாத்தானே இருக்கு?"

கணக்கு சரியா இருக்கும் தம்பி. ஆனா அது வெறும் 50 காசுன்னு நீங்க நம்பினா மாத்தவே மாட்டீங்களே! கூட விலை போகும்னு நினைக்கிறதாலதானே கை போகுது? அந்தக் கூடுதல் யாருக்குப் போட்டது? அம்மனுக்கு. விலை போனாலும் போகாட்டியும் அதை எடுக்கிற உரிமை எண்ணுறவனுக்கு இல்ல. உண்டியல் எண்ணிக்கைக்கு ஆள் கிடைக்கிறதே கஷ்டம், இதுல வந்தவங்க மேல சந்தேகம் வர வைக்காதீங்க.

அதனால நிர்வாகத்துக்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். எண்ணும் மேசையில ஒரு தனி எவர்சில்வர் கிண்ணம். வெளிநாட்டுக் காசு, பழைய வரிசைக் காசு, கிரிஸ் படம் போட்ட ஒரு வெள்ளிக் காசு எல்லாம் அதுல போகட்டும். அந்த ஒரு வெள்ளிக் காசு 2005 டிசம்பர்லயே செல்லாமப் போச்சு, இன்னும் உண்டியல்ல விழுது. பேங்க்ல எடுக்க மாட்டாங்க, சேகரிக்கிறவங்க எடுக்கலாம். வருஷம் ஒரு தடவை எல்லார் முன்னாலயும் ஏலம், வந்ததுக்கு ரசீது, அன்னதானக் கணக்குல வரவு. பெரிய தொகை வராது, சொல்லிட்டேன். வந்த வரைக்கும் சாமிக்கு.

இன்னொண்ணு, அக்காமார்களுக்கு. கிண்ணத்துக் காசை குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. தேய்ச்சுப் பளபளன்னு ஆன பழைய காசை சேகரிக்கிறவங்க தொடவே மாட்டாங்க. அழுக்கோட இருக்கட்டும்.

அடுத்த எண்ணிக்கை ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும். எட்டு பேராவது வேணும். வர்ற தம்பிங்க சட்டைப்பை இல்லாத டீ-சட்டையில வாங்க. நானும் அப்படித்தான் வருவேன்.