கல்யாணம் முறிந்தாலும் கடன் முறியாது!

கணவனும் மனைவியும் சேர்ந்து பாங்கியில் கடன் வாங்கி வீடு கட்டுகிறார்கள். பிறகு மனம் ஒத்துப் போகவில்லை. கோர்ட்டு விவாகரத்து வழங்கி விடுகிறது.

"வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக் கொள்ளலாம்" என்று இருவரும் நினைக்கிறார்கள். விற்கலாம். ஆனால், முதல் பங்கு பாங்கிக்கு!

வீட்டுப் பத்திரம் பாங்கியில் அடமானமாக இருக்கிறது. கடன் தீராமல் அது கைக்கு வராது.

இருவரும் பொறுப்பு

விவாகரத்து வழக்கில் பாங்கி ஒரு கட்சி அல்ல. "கடனைக் கணவரே கட்ட வேண்டும்" என்று இருவரும் எழுதிக் கொள்ளலாம். அது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. பாங்கியை அது கட்டுப்படுத்தாது. சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன் முழுவதற்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு.

பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண், "நமக்கும் அந்த வீட்டுக்கும் இனி என்ன?" என்று இருந்து விடக் கூடாது. கணவர் தவணை கட்டாவிட்டால், நோட்டீசு அவளுக்கும் வரும். 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, வராக் கடனுக்கு 60 நாள் நோட்டீசு கொடுத்து, பிறகு வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட பாங்கிக்கு அதிகாரம் உண்டு. ஏலத்தில் போனால் நல்ல விலை கிடைக்குமா?

விற்பது எப்படி?

வீட்டின் விலை 40 லட்சம் ரூபாய். கடன் பாக்கி 25 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். பங்கு போட மிஞ்சுவது 15 லட்சம்தான். 40 லட்சம் அல்ல!

முதலில், பாக்கி எவ்வளவு என்று பாங்கியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாங்குகிறவரிடம் அடமானத்தை மறைக்கக் கூடாது. வில்லங்கச் சான்று எடுத்தால், பதிவான அடமானம் தெரிந்து விடும். அவர் தரும் பணத்தில் 25 லட்சம் நேராகப் பாங்கிக்குப் போவது நல்லது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால், கிரயத்துக்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கடன் தீர்ந்த 30 நாளில் பாங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். பாங்கியின் தவறால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும். இது 2023-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு.

அவசரம் வேண்டாம்

வீட்டைக் கணவரே வைத்துக் கொள்வதாக இருந்தால்? கடனில் இருந்து தன் பெயரைப் பாங்கி நீக்கிய பிறகே, மனைவி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வீடு அவருக்கு, கடன் இவளுக்கும்!

பிரிவது என்று முடிவானால், கடனைத் தீர்க்கும் வழியையும் நாளையும் விவாகரத்து மனுவிலேயே எழுதி விட வேண்டும். கோபத்தில் போடும் கையெழுத்துக்கு, ஆண்டுக் கணக்கில் தவணை கட்ட நேரிடும்.