ஜீப்புக்கு முகம் மாற்றுங்கள், முன்னால் இரும்பு மாட்டாதீர்கள்



இந்த ஆயுத பூஜைக்கு உங்களில் ஆறேழு பேர் வண்டிப் படம் போட்டிருந்தீர்கள். எல்லாம் தார். (தார் ரோட்டில் தார் ஓடுகிறது என்று அன்று நீங்கள் எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். இப்போது அது சரியான வாக்கியமாகிவிட்டது.) சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால் ஒரு வண்டிகூடக் கம்பெனியில் கொடுத்த முகத்தோடு இல்லை. கிரில்லைக் கழற்றிவிட்டு, புருவத்தை நெரித்துக் கோபமாக முறைக்கிற ‘ஆங்கிரி பேர்ட்’ கிரில் மாட்டியிருக்கிறீர்கள். நாலு வண்டியில் அதற்கும் முன்னால் கனமான இரும்புக் கம்பி. “டீச்சர், எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதால் சொல்கிறேன். கிரில் நன்றாக இருக்கிறது. கம்பியைக் கழற்றுங்கள்.

டீச்சருக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்க வேண்டாம். மலைப்பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரிப் ஜீப்பில்தான் போய் வந்தேன். ஏற்றத்தில் பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். டிரைவர் அண்ணன் பானெட்டைத் தூக்கிவிட்டு, சூடு தணியும்வரை பீடி குடித்துவிட்டு, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். ‘வண்டிக்கு மூச்சு முட்டுது டீச்சர்’ என்பார். கிரில் எதற்கு என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. அது முகத்தின் பல்வரிசை இல்லை, மூக்குத் துவாரம்.

முதலில் கிரில்லையே எடுத்துக்கொள்வோம், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தப் பல்வரிசைக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1941-இல் வந்த வில்லிஸ் ஜீப்புகளுக்கு இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்த கிரில். பிறகு ஃபோர்டு கம்பெனி ஒரே தகட்டில் ஒன்பது துளை அடித்த கிரில் செய்தது. அது எடை குறைவு, செலவும் குறைவு. போர் முடிந்து 1945-இல் பொதுமக்களுக்கு ஜீப் வந்தபோது ஹெட்லைட் பெரிதாகி, துளைகள் ஏழாயின. ஏழு கண்டத்திலும் ஓடியதால் ஏழு துளை என்று வாட்ஸ்அப்பில் வருகிற கதையை எனக்கு அனுப்பாதீர்கள். நம் மகிந்திராவும் அந்த வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித்தான் வண்டித் தொழிலைத் தொடங்கியது. அதே மகிந்திரா அமெரிக்காவில் ராக்ஸர் என்ற வண்டியை விற்றபோது, தங்கள் ஜீப் சாயலில் இருக்கிறது என்று 2018-இல் ஃபியட் கிரைஸ்லர் புகார் கொடுத்தது. கடைசியில் 2020-இல் வண்டியின் முகத்தையே மாற்றித்தான் மகிந்திரா அங்கே விற்க முடிந்தது. கம்பெனிக்காரர்களுக்கே முகத்தின் மேல் இவ்வளவு பற்று இருக்கும்போது, கடன் வாங்கி வண்டி எடுத்த பிள்ளைக்கு இருக்கக் கூடாதா?

மாற்றுங்கள். ஒரே ஒரு வீட்டுப்பாடம் மட்டும் செய்யுங்கள். பழைய கிரில்லையும் புதியதையும் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்து, துளைகளைப் பென்சிலால் வரையுங்கள். இலையின் பரப்பளவை அப்படித்தானே கட்டம் எண்ணிக் கண்டுபிடித்தோம்? புதியதில் கட்டம் குறைந்தால் காற்றும் குறையும். கிரில்லுக்குப் பின்னால் முதலில் ஏசி கன்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் அந்த வழியாகத்தான் காற்று. துளைக்கு மேல் கொசுவலை மாதிரி நெருக்கமான ஜாலி, அதற்கு மேல் எல்இடி பட்டை என்று அடுக்கினால், ஏசி போட்டுக்கொண்டு மெதுவாக மலையேறும்போது வண்டி சூடாகும். அந்த எல்இடி வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணைப் பறிப்பது தனிக் கதை.

இனி கம்பிக்கு வருகிறேன்.

“பாதுகாப்புக்கு டீச்சர்” என்கிறீர்கள். யாருக்குப் பாதுகாப்பு? மார்க்கெட்டில் லோடுமேன் மூட்டையை வாங்குவதைப் பாருங்கள். முதுகில் மூட்டை விழும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கொடுப்பார். விறைப்பாக நின்றால் இடுப்பு போய்விடும். வண்டியின் முன்பக்கமும் அப்படி மடங்கிக் கொடுக்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பம்பரும் அதன் பின்னாலுள்ள பாகங்களும் நசுங்கி, அடியைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும். சேஸிஸில் போல்ட் போட்டு இரும்பை முறுக்கினால் அடி நேராக சேஸிஸுக்குப் போகும், அங்கிருந்து உங்கள் உடம்புக்கு வரும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று கணக்குப் போடுகிற சென்சார்களும் முன்பக்கம் கம்பெனி கொடுத்தபடி இருக்கும் என்று நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. கம்பி அந்தக் கணக்கைக் குழப்பும்.

இது உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் கதை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வெளியே நடக்கிற பிள்ளை.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் உங்களையெல்லாம் சுவரோடு நிறுத்தி உயரம் எடுத்தவள் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சுமார் 115 சென்டிமீட்டர். நான்காம் வகுப்பென்றால் 130 இருக்கும். உங்கள் வண்டியின் பானெட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்துப் பாருங்கள், ஒரு மீட்டருக்கு மேல் காட்டும். அதாவது பானெட்டின் விளிம்பு அந்தப் பிள்ளையின் முகத்துக்கோ கழுத்துக்கோ நேர். கம்பி மாட்டினால் அது நெஞ்சுக்கு நேர். பெரியவரை இடித்தால் பானெட் மேல் சாய்வார். சின்னப் பிள்ளை முன்னால்தான் விழும், வண்டிக்கு அடியில். மிக அருகில் நிற்கும் பிள்ளை டிரைவர் கண்ணுக்கே தெரியாது.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென்று காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வு மையம் 2023-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. நடந்து போனவர்கள் அடிபட்ட சுமார் 18,000 விபத்துகளைப் பார்த்திருக்கிறார்கள். பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி இடித்தால், 30 அங்குலத்துக்குள் இருக்கும் சாய்ந்த முகமுள்ள காரைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். இது கம்பெனி முகத்தோடு போன வண்டிகளின் கணக்கு. அதன் மேல் நாம் இரும்பும் மாட்டுகிறோம்.

நம் ஊர் ரோட்டில் நடைபாதை எங்கே இருக்கிறது? காலை எட்டேமுக்கால் மணிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுக்கு மேலேயேதான் கைகோத்து நடக்கின்றன. அவற்றில் பாதி உங்கள் பிள்ளைகள்.

“மலையில் காட்டுமாடு குறுக்கே வருமே” என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவில் கங்காருவுக்காகக் கம்பி மாட்டுகிறார்கள். ஆனால் அதற்கென்று தரவிதி வைத்து, வண்டிக்கும் ஏர்பேக்குக்கும் பொருந்துமாறு செய்கிறார்கள். ஐரோப்பாவில் 2005-லேயே சட்டம் கொண்டுவந்து, நடப்பவர்களுக்கான சோதனையில் தேறியதை மட்டும்தான் அனுமதித்தார்கள். நீங்கள் மாட்டியிருப்பது எந்தச் சோதனையில் தேறியது? பட்டறையில் குழாயை வளைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்ததுதானே? தவிர, முழு வளர்ச்சியடைந்த காட்டுமாடு உங்கள் குழாயை மதிக்காது. மலைப்பாதையில் இரவில் மெதுவாகப் போவதுதான் அதற்கு மருந்து.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதன் பிறகு நம் பக்கம் அவ்வப்போது போலீஸ் நிறுத்திக் கழற்ற வைக்கிறார்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி மாட்டிக்கொள்கிறீர்கள். அதிகாரிகள் வண்டியிலேயே முன்பு இருந்ததே என்கிறீர்கள். இருந்தது, அதுவும் தப்புதான். அவர்கள் யாரும் என் வகுப்பில் படிக்கவில்லை, நீங்கள் படித்தீர்கள். அதனால் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

கம்பியைக் கழற்றினால் பம்பரில் போல்ட் ஓட்டை தெரியுமே என்று என் பெரியப்பா பேரன் நேற்றே போனில் கேட்டுவிட்டான். ரப்பர் மூடி வைத்து அடைத்துவிடு மாப்பிள்ளை, இல்லாவிட்டால் கம்பெனி பம்பரையே மாற்று. ஆசைப்பட்ட கிரில் அப்படியே இருக்கட்டும். காசு கொடுத்த கம்பியை எறிய மனசில்லை என்றால் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வா, அவரைப் பந்தலுக்கு ஒரு பக்கம் கால் இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது.