கிணற்றைக் கேட்டுவிட்டுப் புறப்படுவோம்

யாழ்ப்பாணச் சுற்றுலா என்றதும் எங்கள் புத்தளத்து வீடுகளில் மூன்று கேள்விகள் எழும். யாருடைய வேன்? எத்தனை இடம் பார்க்கலாம்? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. யாராவது ஞாபகப்படுத்தினாலும், "இரண்டு கேஸ் போத்தல் தண்ணீர் ஏற்றினால் சரி" என்று பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியதே தண்ணீரைத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. இந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் எங்கள் குடும்பம் அச்சுவேலிக்குப் போகிறது. பதினான்கு பேர், மூன்று இரவு. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் வாப்பும்மாவும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். நாங்கள் தங்கப்போவது, அந்நாளில் மூத்தவாப்பாவின் கடைக்கு வெங்காயம் கொடுத்த விவசாயி ஒருவரின் மகனுடைய வீட்டில். "உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாய்தானே, திட்டத்தை நீயே போடு" என்று வாப்பா என்னிடம் விட்டுவிட்டார். சுற்றுச்சூழலுக்குத் தீங்கு செய்யாத சுற்றுலா என்று பாடத்தில் படித்ததை ஒரு வீட்டுப் பயணத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது.

அச்சுவேலி யாழ் குடாநாட்டில் வலிகாமம் கிழக்கில் இருக்கிறது. வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் தோட்டங்கள். வடக்கே கொஞ்சத் தூரத்தில் தொண்டைமானாறு. பெயரில் ஆறு இருந்தாலும் அது கடல் நீரேரி. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறே இல்லை. மழை பெய்கிறது, சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது, அங்கேயே தேங்கி நிற்கிறது. அதைத்தான் கிணறுகள் மேலே எடுக்கின்றன. வீட்டுக்குக் குடிக்கவும் அதுதான், வெங்காயப் பாத்திக்கும் அதுதான்.

அந்த நன்னீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கடல் நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது இருக்கும் என்பது நாங்கள் படிக்கும் கணக்கு. இதை மறுபக்கமாகப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே 1 அடி குறையும்போது கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் கிடைக்கிறது. அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் இதைக் காணலாம். மேற்பரப்பில் நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்று ஊர்க்கதை சொல்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் "அடியே இல்லாத கிணறாம்" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். குடாநாட்டின் தண்ணீர்ப் பாடம் முழுவதும் அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறது. நான் அதற்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்கியிருக்கிறேன்.

"பதினான்கு பேர் குளித்தால் யாழ்ப்பாணத்துக் கிணறு வற்றிவிடுமா?" என்று பெரிய மாமா கேட்டார். வற்றாது. எங்கள் பதினான்கு பேரையும்விட ஒரு வெங்காயத் தோட்டம் எத்தனையோ மடங்கு தண்ணீர் குடிக்கும். ஆனால் தோட்டக்காரர் அந்தத் தண்ணீரால் நாட்டுக்கு வெங்காயம் தருகிறார். நாங்கள் என்ன தருகிறோம்? அதோடு சுற்றுலாப் பயணிகள் ஆண்டு முழுவதும் பரவலாக வருவதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். குடாநாட்டுக்குப் பெரும் மழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதில் நிறைந்த கிணறு பிறகு மாதம் மாதமாக இறங்கி, ஓகஸ்ட் மாதத்தில் நன்றாகக் கீழே போய்விடும். பாடசாலை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதும் அதே ஓகஸ்ட்டில்தான். திருவிழாவுக்குப் போகிறவர்கள் அப்போதுதான் போக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டி விடுமுறை கிடைக்கிறது, அதுவும் இந்த வருடங்களில் மாரி முடிந்த கையோடு வருகிறது. இதைப் பயன்படுத்தாமல் ஓகஸ்ட்டில் போய் நிற்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வாப்பா அச்சுவேலிக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, பதினாலு பேர் வாறம், தண்ணிக்குக் கஷ்டம் வருமோ?" என்று கேட்டார். "பங்குனியில கிணறு நல்லா இருக்கும், பயப்பிடாமல் வாங்கோ. ஆவணியில கேட்டிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பன்" என்று பதில் வந்தது. பாடப் புத்தகத்தில் நான் இரண்டு பக்கம் படித்ததை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

இப்போது கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். கிணற்று நீருக்குச் செலவு வாளியும் கயிறும் மட்டுமே. பல கோடி செலவில் கடலிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டிய நிலைக்கு ஒரு பிரதேசம் வந்துவிட்டது என்பதே, இருக்கிற கிணறுகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்குப் போதிய சாட்சி.

எடுக்கும் தண்ணீரைவிட நாங்கள் ஊற்றும் தண்ணீர் எனக்குப் பெரிய கவலை. சுண்ணக்கல் மணலைப் போல வடிகட்டாது, வெடிப்பு வழியே வந்ததை வந்தபடியே கீழே அனுப்பிவிடும். வீட்டு மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. உரமும் கழிவும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பதை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது பால்குடிப் பிள்ளைகள். நம் பக்கத்துக் கற்பிட்டியிலும் இதே கதைதான், அங்கே கல்லுக்குப் பதிலாக மணல். ஆகவே கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு உடுப்புத் துவைக்கும் வேலை மூன்று நாளும் இல்லை. அழுக்கு உடுப்பு அப்படியே பையில் ஊருக்கு வரும். இதற்கு உம்மா உடனே ஒப்புக்கொண்டார். விடுமுறையில் துவைக்காமல் இருக்க யாருக்குத்தான் விருப்பமில்லை?

வுழூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினான்கு பேர், ஐந்து நேரம். வீட்டில் ஒரு வாளியை வைத்து அளந்து பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்தபோது ஏறக்குறைய 6 லீற்றர் வாளியில் சேர்ந்தது. கோப்பையால் செய்தபோது 1 லீற்றரே மிகுதி. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது சுமார் முக்கால் லீற்றர் தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று நாம் எல்லோரும் ஹதீஸில் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறோம். அச்சுவேலிக்கு ஆறு கோப்பைகள் கொண்டு போகிறோம்.

அடுத்தது குப்பை. இந்த விடயத்தில் புத்தளத்து வாசகர்களிடம் நேராகவே பேச விரும்புகிறேன். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்புக் குப்பையை நமது மாவட்டத்து அறுவைக்காட்டுக்குக் கொண்டுவரும் வேலை வேகமடைந்தது. 2018, 2019இல் நம் ஊர் வீதியில் நின்றது. பெண்களும் பிள்ளைகளும்கூட நின்றார்கள். இன்னொரு ஊர் உண்டாக்கிய குப்பையை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்பதுதான் அன்றைய கேள்வி. அது நியாயமான கேள்வி. அறுவைக்காட்டில் உள்ள சுண்ணக்கல்லும் குடாநாட்டின் கீழே இருக்கும் சுண்ணக்கல்லும் ஒரே காலத்துப் படிவு, ஒரே வகைக் கல். அந்தக் கல்லில் குப்பை கொட்டினால் நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்று இலங்கையில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அப்படியிருக்க, நமது லன்ச் சீட்டையும் சொப்பிங் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் அச்சுவேலியில் விட்டுவிட்டு வந்தால் நமது கேள்விக்கு என்ன மதிப்பு?

சட்டம் என்னவோ இருக்கிறது. லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன. ஒரு முறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சு குழாய் முதலியவை 2023 ஒக்டோபரில் தடை செய்யப்பட்டன. எந்தச் சுற்றுலா பஸ்ஸின் சாப்பாட்டு நேரத்தையும் பார்த்தால் இந்தத் தடைகள் வேறு நாட்டில் போடப்பட்டவை போல் இருக்கும்.

நம் சமூகத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. போகிற இடத்தில் ஹலால் சாப்பாடு கிடைக்குமோ என்ற தயக்கத்தில், புறப்படும் முன்பே சோறும் இறைச்சியும் சமைத்து, பொதி கட்டி, தட்டும் கோப்பையும் எறிகிற வகையாக வாங்கிக்கொண்டு போகிறோம். தயக்கம் சரிதான், அதற்குக் கண்ட வழிதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மீனுக்கும் மரக்கறிக்கும் இந்தப் பிரச்சினையே கிடையாது. நாங்கள் சட்டி, பானை, பீங்கான் தட்டு கொண்டு போய், அச்சுவேலிச் சந்தையில் மீனும் கத்தரிக்காயும் வாங்கி அங்கேயே சமைக்கப் போகிறோம். சந்தைக்குப் பனையோலைப் பெட்டி. அது அங்கேயே வாங்கலாம், ஊருக்குக் கொண்டுவந்தும் பாவிக்கலாம். இப்படிச் செய்தால் நமது பணமும் அந்த ஊரில் தங்கும். புத்தளத்தில் டீசல், புத்தளத்தில் சாப்பாடு, அச்சுவேலிக்குக் குப்பை மட்டும் என்றால் அந்த ஊர் நம்மை எதற்காக வரவேற்க வேண்டும்?

பயணத்துக்கும் வேன் இல்லை. அநுராதபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில், யாழ்ப்பாணத்திலிருந்து அச்சுவேலிக்கு மறுபடியும் பஸ். வேனில் போனால் நேரம் மிச்சம் என்று சாச்சா வாதிட்டார். அவருடைய பட்டியலில் இரண்டு நாளுக்குப் பதினொரு இடங்கள் இருந்தன. நெடுந்தீவுக் குதிரைகளும் அதில் உண்டு. படகில் போக வர அரை நாளுக்கு மேல் வேண்டும், மிச்ச நேரத்தில் பத்து இடம். அது ஊர் பார்ப்பதல்ல, ஊர்களின் பெயர்ப் பலகை பார்ப்பது. நான் மூன்று இடம் மட்டும் வைத்திருக்கிறேன். நிலாவரை, தொண்டைமானாற்றுக் கரை, வாப்பும்மா பிறந்த சோனகதெரு. தொண்டைமானாற்றில் கடல் நீர் உள்ளே வராமல் தடுக்கும் கதவணை இருக்கிறது. நீரேரிகளை நன்னீராக்கி 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' உண்டாக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த திட்டத்தில் அந்தக் கதவணைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கும் பொறுப்பு எனக்கு.

பெற்றோரிடமும் வகுப்பாசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கும் முன் தங்கப்போகும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு விடயம் கேளுங்கள். இந்த மாதம் உங்கள் கிணறு எப்படி? நாங்கள் விட்டுப்போகும் குப்பையை யார், எங்கே கொண்டு போவார்கள்? இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் இல்லையென்றால் பஸ்ஸில் இரண்டு சாக்கு அதிகமாக ஏற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பெரிய மாமா கிணற்றுத் தண்ணீர் குடிக்கமாட்டாராம். கொதிக்க வைத்தாலும் மாட்டாராம். அவருக்காகத் திரும்பவும் நிரப்பக்கூடிய இரண்டு 20 லீற்றர் கான் கொண்டு போவதாக முடிவாகியிருக்கிறது. ராத்தாவின் ஏழு மாதப் பிள்ளையின் விடயம்தான் நீண்ட நேரம் இழுபட்டது. துணி கட்டினால் கிணற்றடியில் துவைக்க வேண்டும், பம்பர்ஸ் கட்டினால் குப்பை. உம்மா துணியின் பக்கம், ராத்தா பம்பர்ஸின் பக்கம். தண்ணீர்க் கணக்கைப் பார்த்து நான் ராத்தாவுக்கு வாக்களித்தேன். பாவித்தவை எல்லாம் மூடியுள்ள வாளி ஒன்றில் எங்களோடு ரயில் ஏறிப் புத்தளத்துக்கே திரும்பி வரும். அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.