நடுகல் சொல்வதும் நம் கற்கள் சொல்லாததும்

பாங்கோடு இராணுவ நிலையத்தை ஒட்டிய தெருவொன்றில், என் தோழியின் அடுத்த வீட்டில், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் வசிக்கிறார். மலையாளி. நான் தமிழ்த்துறையில் நடுகற்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று தோழி அறிமுகப்படுத்தியதும், அவர் உள்ளே போய் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துவந்தார். யாழ்ப்பாணம், 1988. சீருடையில் ஐந்து இளைஞர்கள் ஒரு பனைமரத்தடியில் நிற்கிறார்கள். அவர்களில் இருவர் ஊர் திரும்பவில்லை. அந்த இருவரின் முகத்தையும் விரலால் தொட்டுக்காட்டிவிட்டு, தமிழும் மலையாளமுமாகக் கேட்டார்: “மோளே, அங்கேயுள்ள தமிழர்கள் இவர்களை நினைப்பார்களா?”

நான் ஏதோ மழுப்பலாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். சற்று நீளும்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைத் தொடர்ந்து இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. யாழ்ப்பாணத்து மக்கள் அதை மாலையிட்டு வரவேற்றார்கள். மூன்று மாதம் முடிவதற்குள், அக்டோபரில், அந்தப் படை அதே மக்களின் ஊர்களுக்குள் போரிட்டு நுழைந்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அவர்களுக்குப் பலாலியில் ஒரு நினைவிடம் இருக்கிறது. கொழும்புக்கு அருகில், பத்தரமுல்லையில், இன்னொன்று. 2019இல் திறக்கப்பட்ட புது தில்லி தேசியப் போர் நினைவகத்திலும் அவர்களுடைய பெயர்கள் உள்ளன.

இங்கே என் ஆய்வுப்பொருள் குறுக்கிடுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல், வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுக்கிறது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே இயல், காஞ்சித்திணையில், கணவனை இழந்தவளின் புலம்பலையும், மனைவியை இழந்தவனின் தனிமையையும், இறந்தவனைச் சுற்றி நின்றோர் செயலற்றுப்போகும் கையறுநிலையையும் வகுக்கிறது என்பதை மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்லும் புலம்பலும் ஒரே இலக்கணத்தின் இரு பகுதிகள். நாம் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பழந்தமிழ் மரபைப் போர் எதிர்ப்பு மரபாகக் காட்டுவது என் நோக்கமன்று. நடுகல் அடுத்த வீரனை உருவாக்குவதற்கும் நடப்பட்டது. புறப்பாடல்கள் மகனைப் போருக்கு அனுப்பும் தாயையும் புகழ்கின்றன. ஆயினும் அந்தக் கற்களில் ஒரு நேர்மை உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, இறந்தவன் யார், ஊர் எது, எந்தச் சண்டை என்பதைச் சில சொற்களிலேயே சொல்லிவிடுகிறது: ஆநிரை கவர்ந்த பூசல். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்களும் பெரும்பாலும் அப்படியே. மாடு பிடிக்கப் போய்ச் செத்தான், மாட்டை மீட்கப் போய்ச் செத்தான் என்று கல்லே சொல்லிவிடும். நம் காலத்துக் கற்களில் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது. எதற்காக என்ற இடத்தில் ‘நாட்டுக்காக’ என்று ஒரே சொல்லை எல்லாப் போர்களுக்கும் இட்டு நிரப்பிவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் அவர்கள் எதற்காக இறந்தார்கள்? 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கின. எதிர்த்தரப்பு முன்கூட்டியே தயாராக இருந்தது. சீக்கிய இலகு காலாட்படையின் 13ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 30 பேர் மட்டுமே இறங்க முடிந்தது. உதவி வரவில்லை. விடிந்த பிறகும் போரிட்டு 29 பேர் மாண்டார்கள், ஒருவர் சிறைப்பட்டார். தவறான திட்டத்தின் விலையை அந்த 29 பேர் கொடுத்தார்கள். அக்டோபர் 12 அன்று அதே வட்டாரத்தில், கொக்குவில் பிரம்படியில், இந்தியப் படையினரால் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் அங்கே ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஒரே நாளில், நடந்துபோகும் தொலைவுக்குள் நிகழ்ந்த இந்த இரு சாவுகளையும் சேர்த்துச் சொல்லும் கல் எங்கும் இல்லை.

அக்டோபர் 21, தீபாவளி நாள். படையினர் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டார்கள். மறுநாள் காலை, கைகளை உயர்த்தியபடி, நாங்கள் மருத்துவர்கள், தாதியர் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரமும் சுட்டுக்கொல்லப்பட்டார். மருத்துவர்கள் பரிமேலழகர், கணேசரத்தினம், தாதியர், ஊழியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருதரப்புச் சூட்டுக்கு நடுவே நேர்ந்தது என்பது இந்தியத் தரப்பு விளக்கம். உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்கள் வேறு சொல்கின்றன. ஆண்டுதோறும் அந்நாளில் மருத்துவமனை ஊழியர்கள் இறந்த தம் சகாக்களின் படங்களுக்கு மாலையிட்டு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இதையெல்லாம் சொல்வது மாண்ட வீரர்களை அவமதிப்பதாகும் என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அனுப்பிய இடத்துக்குப் போனவன் வீரன். கொள்கையை வகுத்தவன் அவனல்லன். அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பற்றிக்கொண்டிருப்பது ‘வீணாகச் சாகவில்லை’ என்ற ஒரே நம்பிக்கையைத்தான். அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் எதற்காக என்ற கேள்வியை மூடிவைப்பதால் பயனடைவது அந்தக் குடும்பமா, அல்லது திட்டமிட்டவர்களும் உளவு சொன்னவர்களும் ஆணையிட்டவர்களுமா? மருத்துவமனைக்குள் சுட்டவர்களையும் பல்கலைக்கழக வளாகத்தில் தோட்டா தீரும்வரை நின்று மடிந்தவர்களையும் ஒரே மௌனத்தால் போர்த்தினால், பின்னவர்களுக்குத்தான் அநீதி.

தமிழர்களாகிய நம் கணக்கும் சுத்தமில்லை. 1990 மார்ச்சில் திரும்பிவந்த படையை வரவேற்கத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. கொல்லப்பட்ட ஈழத்தமிழருக்காக எடுத்த நிலைப்பாடு அது. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் படையில் தமிழரும் இருந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்துக் கந்தரோடை அருகே இறந்து பரமவீர சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர். அவருக்காக ஒரு கையறுநிலையைத் தமிழில் நான் படித்ததில்லை. மறுபுறம், போராளிகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்து, அதன்மேல் இலங்கை இராணுவம் 2011இல் படைத்தலைமையகம் ஒன்றைத் திறந்தது. பிள்ளையின் கல்லறையில் விளக்கேற்ற முடியாமற்போன தாயின் நிலை முதுபாலையினும் கொடியது. அந்த இல்லங்கள் இருந்த காலத்திலும், புலிகளால் கொல்லப்பட்ட தமிழர்களுக்கு அங்கே இடம் இருந்ததில்லை. ‘முறிந்த பனை’ நூலாசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம, இந்தியப் படை, இலங்கை அரசு, புலிகள் என எல்லாத் தரப்பின் கொலைகளையும் பதிந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். முழுக் கணக்கை எழுத முயன்றவருக்குக் கிடைத்தது அது.

வேறு வழியில் நினைவுகூர முடியாதா? ஜப்பானின் ஒகினாவாவில், 1945இல் அங்கு நடந்த போரின் ஐம்பதாம் ஆண்டில், 1995 ஜூன் 23 அன்று திறக்கப்பட்ட நினைவுக்கற்களில் இன்று 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. தீவின் பொதுமக்கள், ஜப்பானியப் படைவீரர், அவர்களைக் கொல்ல வந்த அமெரிக்கப் படைவீரர், கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியர், எல்லாரும் அங்கே. கொரியக் குடும்பங்கள் சில தம்மவர் பெயரைப் பொறிக்க ஒப்பவில்லை. அடக்கியாண்டவனின் பெயருக்கு அருகே வேண்டாம் என்றார்கள். அந்த மறுப்பையும் மதிக்கத்தான் வேண்டும். பெயர்களைச் சேர்த்து வெட்டிவிடுவதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடாது.

நம் பக்கத்திலேயே ஒரு விந்தை உண்டு. குளச்சல் போரில் 1741இல் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. இலத்தீனோடு தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். எதிரிக்குத் தமிழ்க் கல் என்று பெருமைப்படலாம். ஆனால் அவர் பக்கம் மாறித் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளச்சல் கரையில் அன்று இறந்த சாதாரண வீரரின் பெயரோ கடற்கரை மக்களின் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை.

என் கோரிக்கை சிறியது. இந்தியத் தூதரக அதிகாரிகள் பலாலி நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்கட்டும். அங்கிருந்து போதனா மருத்துவமனை 20 கிலோமீட்டருக்கும் குறைவு. ஓர் அக்டோபர் 21 அன்று இந்திய அரசின் பெயரால் ஒருவர் அங்கேயும் போய், அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கட்டும். நடந்ததை விசாரித்து, கிடைத்ததை வெளியிடட்டும். வஞ்சிக்காண்டத்தில் இளங்கோவடிகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற சொற்களையே காதைகளின் பெயராக வைத்தார். செங்குட்டுவன் கொணர்ந்த கல், படைவீரனுக்கானதன்று. அரசின் பிழையால் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கானது. இந்தச் சேரநாட்டிலிருந்து அதைக் கேட்பதில் புதுமை ஒன்றுமில்லை.

நேற்று மீண்டும் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். நினைக்கிறார்கள், ஆனால் நீங்கள் கேட்ட விதமாக அல்ல என்று தொடங்கி, மருத்துவமனையைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டிருக்கிறேன், நான் போனது அதற்குப் பிறகு என்றார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்த மருத்துவர்களின் பெயர்களை மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.