கைபர் கணவாயில் குலைந்த வீறாப்பு

1968-இல் ஜெரால்ட் தாமஸ் இயக்கத்தில் வெளிவந்த ‘கேரி ஆன் அப் தி கைபர்’ என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம், 1895-ஆம் ஆண்டின் இந்திய வடமேற்கு எல்லையைக் களமாகக் கொண்டு, கில்ட் எனப்படும் மடிப்புப் பாவாடையின் உள்ளே எதுவும் அணியாதவர்கள் என்ற பெயராலேயே எதிரிகளை நடுங்கவைத்த ஸ்காட்லாந்துப் படைப்பிரிவொன்றின் மதிப்பு, வீரன் ஒருவன் உள்ளாடை அணிந்திருப்பது அம்பலமானதும் சரிவதைச் சொல்கிறது. ஆயுதத்துக்கு இணையாக, ஆள்வோரைப் பற்றிய பிம்பமும் பேரரசைத் தாங்கிநின்றது என்ற உண்மையை இத்தனை எளிய கதைக்குள் அடக்கியது டால்பட் ராத்வெல்லின் திரைக்கதைக்குரிய பெருமை. பீரங்கிக் குண்டுகள் மாளிகையைத் தகர்க்க, கூரைச் சாந்து உதிர்ந்து விழுந்துகொண்டிருக்கும்போதும், ஆளுநரும் விருந்தினரும் ஒன்றுமே நடவாததுபோல் உணவருந்தும் காட்சி, காலனிய மனப்பான்மையை, அதாவது ஆளப்படும் மக்களின் எதிர்ப்பைக் காணவே மறுக்கும் ஆணவத்தை, வரலாற்று நூல்கள் பலவற்றைவிடக் கூர்மையாகக் காட்டுகிறது. ஆயினும் எல்லைமலைகளாகத் தோன்றுபவை வேல்ஸ் நாட்டின் ஸ்னோடோனியா மலைகள். உள்ளூர்த் தலைவர்களாக வருபவர்களோ முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய கென்னத் வில்லியம்ஸ், பெர்னார்ட் பிரெஸ்லா போன்ற வெள்ளை நடிகர்கள். ஆண்டோரை எள்ளத் துணிந்த அப்படம், ஆளப்பட்டவரின் முகத்தை அவர்களுக்கே தர மறுத்தது. அது சிறு குறையன்று.